மலையில் மட்டும் கொதிக்கும் அம்பாசிடர்: என்ஜினை இறக்க வேண்டுமா?

கேள்வி: அப்பா வாங்கிய 1986 மாடல் அம்பாசிடர் மார்க் 4, பெட்ரோல் வண்டி. திருப்பூருக்குள் ஓட்டும்போது ஒரு தொந்தரவும் இல்லை. குன்னூர் போனால், கல்லாறு தாண்டியதும் சூடு காட்டும் முள் ஏற ஆரம்பித்து, பர்லியாறு வருவதற்குள் தண்ணீர் கொதித்துக் கொட்டுகிறது. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார், சரியாகவில்லை. இப்போது என்ஜினை இறக்க வேண்டும், 60,000 ரூபாய் ஆகும் என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். என்ஜினின் மேல் மூடியான ஹெட்டின் போல்ட்டில் இப்போதைக்கு யாரையும் ஸ்பானர் வைக்க விடாதீர்கள். ஊருக்குள் நன்றாக ஓடி மலையில் மட்டும் கொதிக்கிற வண்டிக்குப் பெரும்பாலும் என்ஜினில் கோளாறு இருக்காது. தண்ணீர் போகிற பாதையில்தான் அடைப்பு இருக்கும். ஊருக்குள் என்ஜின் கொடுக்கிற சூடு குறைவு; பாதி அடைத்த ரேடியேட்டரே அதைச் சமாளித்துவிடும். ஏற்றத்தில் என்ஜின் முழு மூச்சில் இழுக்கிறது, வண்டியோ மெதுவாகத்தான் போகிறது, முன்னால் காற்றும் இல்லை. அங்கேதான் அடைப்பின் குட்டு வெளிப்படும்.

என்ஜின் நன்றாக இருக்கிறதா என்பதை நீங்களே பார்த்துவிடலாம். காலையில், வண்டி சில்லென்று இருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீரில் விடாமல் குமிழி வருகிறதா? டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் 60,000 பேச்சை அப்படியே நிறுத்திவிடுங்கள்.

தெர்மோஸ்டாட் விஷயத்துக்கு வருகிறேன். என்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடியிருந்து, சூடானதும் திறக்கும் வால்வு அது. இதைக் கேட்டாலே எனக்கு மனது பதறும். வண்டி சூடானால் முதல் வேலையாக அதைக் கழற்றி வீசுவது நம் ஊரில் பழக்கமாகிவிட்டது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: கொதிக்கிற நேரத்தில் நல்ல தெர்மோஸ்டாட் ஏற்கெனவே முழுதாகத் திறந்துதான் இருக்கும். அதைக் கழற்றி என்ன கிடைக்கும்? அது இல்லாத என்ஜின் ஊருக்குள் சரியான சூட்டுக்கே வராமல் ஓடும். பெட்ரோலை அதிகம் குடிக்கும், சிலிண்டரின் உள்சுவர் தேயும். புதிதாக ஒன்று வாங்கி, மாட்டும் முன் அடுப்பில் சோதியுங்கள். அதன் வால்வு இடுக்கில் ஒரு நூலைச் செருகி, அந்த நூலாலேயே பாத்திரத்துத் தண்ணீருக்குள், அடியில் படாமல் தொங்கவிடுங்கள். தண்ணீர் 80 டிகிரி சுமாருக்கு வரும்போது வாய் திறந்து, நூலை விட்டுவிட்டு அதுவே கீழே விழும். கொதித்தும் விழவில்லையென்றால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

அடுத்தது அடைப்பு. பலரும் ரேடியேட்டர் தண்ணீரை மட்டும் இறக்கிவிட்டு, சுத்தம் செய்தாயிற்று என்பார்கள். என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில், பின்புறமாக, ஒரு சின்ன டிரெயின் குழாய் உண்டு. அதைத் திறக்கச் சொல்லி, பக்கத்திலேயே நின்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு சொட்டும் வராது. கட்டுக்கம்பியை விட்டுக் குத்தினால், செம்மண் கரைத்த மாதிரி குழம்பாகக் கொட்டும். இத்தனை வருஷம் ஊற்றிய போர்வெல் தண்ணீரின் உப்பும் துருவும்தான் அது. நாலாவது சிலிண்டரைச் சுற்றி இது படிந்திருக்கும்போது எந்த ஃபேன் போட்டும் பயனில்லை. தெளிந்த தண்ணீர் வரும்வரை ஹோஸ் வைத்து அடிக்க வேண்டும். பிறகு டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றுங்கள். போர் தண்ணீர் இனி கூடவே கூடாது.

ரேடியேட்டருக்கு ஆசிட் ஊற்ற விடாதீர்கள். ரேடியேட்டர் பட்டறையில் மேல் டேங்கைப் பிரித்து, ஒவ்வொரு டியூபிலும் கம்பி விட்டுச் சுத்தம் செய்து மறுபடி ஈயம் வைப்பார்கள். அதுதான் சரியான வேலை.

இந்த இடத்தில் கவனம் தேவை. "இது போயிடுச்சுங்க, புது அலுமினிய ரேடியேட்டர் போட்டுக்கலாம், பழசை இங்கேயே விட்டுட்டுப் போங்க" என்று ஒருவர் அன்பாகச் சொல்வார். பழைய அம்பாசிடர் ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். எடைக்குப் போட்டாலே நல்ல காசு. இடையில் நிற்கிற ஆள் உங்களிடம் புதுசுக்கும் வாங்கி, பழசையும் விற்றுவிடுவார். என் கண்முன்னே இது நடந்திருக்கிறது: கம்பி விட்டால் இன்னும் பத்து வருஷம் ஓடக்கூடிய ரேடியேட்டர் பழைய இரும்புக் கடைத் தராசில் கிடந்தது. கழற்றிய எதையும் வீட்டுக்கு எடுத்து வாருங்கள், கெட்டுப்போனதாகவே இருந்தாலும்.

கீழ் ஹோஸையும் பாருங்கள். ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது அது உள்ளே ஒட்டிக்கொண்டால் தண்ணீர் ஓட்டம் நின்றுவிடும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் நைந்திருந்தால் மாற்றுங்கள். மலையில் மூடி முக்கியம்: ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும்; சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் உள்ள குன்னூரில் திறந்த பாத்திரத் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி பிடிக்கிற அழுத்தம்தான் அதை ஈடுகட்டுகிறது. அதற்காகப் புது கார்களின் மூடியைப் போடாதீர்கள். அந்த அழுத்தத்துக்குப் பழைய டேங்கின் ஈயப் பற்று விட்டுப்போகும்.

நான் சொன்னதெல்லாம் அம்பாசிடருக்கு. வீட்டில் பிரீமியர் பத்மினி கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அசட்டையாக இருந்துவிடக் கூடாது என்பதால் தனியாகச் சொல்கிறேன். அம்பாசிடரின் 1489 சிசி என்ஜினில் பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. ஓரிரு முறை கொதித்தாலும் தாங்கும். பத்மினியில் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஒரே ஒருமுறை நன்றாகக் கொதித்தாலும் ஹெட் கோணிவிடலாம். கூலன்ட் இல்லாத வெறும் தண்ணீர் அதன் தண்ணீர் ஓட்டைகளை அரித்தும் விடும். பத்மினியில் முள் சிவப்பைத் தொட்டால் அடுத்த வளைவு வரை போய்ப் பார்ப்போம் என்ற நினைப்பே வேண்டாம். அங்கேயே நிறுத்துங்கள்.

பெட்ரோலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய கார்புரேட்டரில் அது காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையை மெலிய வைக்கும். மெலிந்த கலவையில் சூடு கூடும். வண்டிக்குள் இருக்கும் பெட்ரோல் பம்பிலேயே ஆவி கட்டி வண்டி நின்றும் போகும். இப்படிப்பட்ட வண்டிக்காரர் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய ஒரு அறிவிப்பை எந்த பங்கிலும் நான் பார்த்ததில்லை. 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கக் கட்டணம் வாங்கத் தெரிகிறது. இதைச் சொல்ல மட்டும் ஆளில்லை. கார்புரேட்டர் கலவையையும் இக்னிஷன் டைமிங்கையும் தெரிந்தவரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் முடிந்து மலை ஏறும்போது, மூன்றாவது கியரில் திணறத் திணற இழுக்காதீர்கள். ஃபேனும் வாட்டர் பம்ப்பும் ஒரே பெல்ட்டில் சுற்றுகின்றன. என்ஜின் மெதுவானால் அவையும் மெதுவாகும். கல்லாறு தாண்டியதுமே இரண்டாவதுக்கு மாற்றிவிடுங்கள். முள் ஏறினால் ஓரமாக நிறுத்தி, தண்ணீர் கொட்டாதவரை என்ஜினை அணைக்காமல் சற்று வேகமான ஐடிலிங்கில் விடுங்கள். கொட்டிவிட்டால் அணைத்துவிட்டு, மூடியைக் கையால் தொடும் அளவுக்கு ஆறும்வரை காத்திருங்கள். குறைந்தது முக்கால் மணி நேரம் ஆகும்.