டிஜே மென்பொருளில் என் பாடல் தொகுப்பு காணாமல் போய்விட்டது. மீட்க வழி உண்டா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: பாடல்கள் வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. மென்பொருளைத் திறந்தால் பாதிப் பாடல்களின் பக்கத்தில் ஆச்சரியக்குறி. சில ப்ளேலிஸ்ட்டுகள் காலி. பாடல்களை எப்படியாவது தேடிக்கொள்ளலாம், பல வருடங்களாகக் குறித்து வைத்த க்யூ பாயின்ட்டுகளும் (பாடலில் தாவ வேண்டிய இடங்களின் அடையாளங்கள்) பீட்கிரிட்டுகளும் (தாளம் விழும் இடங்களைக் காட்டும் கட்டங்கள்) திரும்பக் கிடைக்குமா என்கிறீர்கள்.

பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் இதைப் படித்து முடிக்கும்வரை அந்த மென்பொருளைத் திறக்க வேண்டாம். திறந்திருந்தால் எதையும் அழுத்தாமல் மூடிவிடுங்கள்.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் என் சொந்தக் கதை. சில வருடங்களுக்கு முன் எனக்கும் இதே நிலைமை வந்தது. கிட்டத்தட்ட 9,000 பாடல்கள், எல்லாவற்றிலும் ஆச்சரியக்குறி. மறுநாள் மாலை நிகழ்ச்சி. பதற்றத்தில் "காணாமல் போனவற்றை நீக்கு" என்ற பொத்தானை அழுத்தினேன். பிறகு ஃபோல்டரை அப்படியே இழுத்து உள்ளே போட்டேன். பத்து நிமிடத்தில் பாடல்கள் அத்தனையும் வந்துவிட்டன. சரியாகிவிட்டது என்று எழுந்துபோய்த் தேநீர்கூடப் போட்டேன். திரும்பி வந்து ஒரு பாடலை டெக்கில், அதாவது மென்பொருளின் வாசிக்கும் பகுதியில், ஏற்றியபோதுதான் தெரிந்தது: அலைவடிவம் மொட்டையாக இருந்தது. ஒரு க்யூ பாயின்ட் இல்லை, திரும்பத் திரும்ப ஒலிக்கக் குறித்து வைத்த ஒரு லூப் இல்லை. ஹார்ட் டிஸ்க்குக்கு எதுவும் ஆகவில்லை, தரவுத்தளமும் அதுவரை கெடவில்லை. நான்தான் என் கையால் கெடுத்தேன்.

நடந்தது என்ன? இந்த மென்பொருள்கள் பாடலைத் தம்மிடம் வைத்துக்கொள்வதில்லை. பாடல் எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில், என்ன பெயரில் இருக்கிறது என்ற முகவரியையும், அந்தப் பாடலைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்புகளையும் மட்டும் வைத்திருக்கின்றன. ஆள் வீடு மாறினால் பழைய முகவரியில் கதவு பூட்டியிருக்கும், அவ்வளவுதான். ஆள் போய்விட்டதாக அர்த்தமில்லை. "நீக்கு" என்று சொன்னதும் முகவரியோடு சேர்த்து மென்பொருளிடம் இருந்த குறிப்புகளும் போய்விடுகின்றன. மறுபடி இழுத்துப் போட்ட பாடல், மென்பொருளின் கண்ணுக்குப் புத்தம் புதிய பாடல்.

எனவே முதல் வேலை பிரதி எடுப்பது. மென்பொருளின் தரவு ஃபோல்டர் முழுவதையும் வேறொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள். தரவுத்தளக் கோப்பை மட்டும் எடுத்தால் போதாது. எஸ்கியூலைட் வகைத் தரவுத்தளங்களின் (எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைப்பவை) பக்கத்தில் "-வால்" (-wal) அல்லது "-ஜர்னல்" (-journal) என்று முடியும் சின்னக் கோப்பு ஒன்று சில சமயம் உட்கார்ந்திருக்கும். கடைசியாகச் செய்த மாற்றங்கள் அதில் இருக்கலாம். குப்பை என்று நினைத்து அதை அழித்தவர்கள் உண்டு. இன்னொன்று: சில மென்பொருள்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் பழைய பிரதிகளைச் சுழற்சியில் வைத்திருக்கும். ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் கெட்டுப்போன புதிய பிரதி உள்ளே வர, நல்ல பழைய பிரதி வெளியே தள்ளப்படுகிறது. "மறுபடி திறந்து பார்ப்போமே" என்று நாலைந்து முறை முயன்றால், மீட்க இருந்த வழியும் அடைபட்டுவிடும்.

அடுத்து, காணாமல் போனது எது என்று பார்க்க வேண்டும். ஆச்சரியக்குறி போட்ட ஒரே ஒரு பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் அதற்குக் காட்டும் முகவரியை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு அந்தக் கோப்பை டிஸ்க்கில் தேடிக் கண்டுபிடித்து, உண்மையான முகவரியை அதன் கீழே எழுதுங்கள். இரண்டையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். என்னிடம் உதவி கேட்டு வந்தவற்றில் பாதிக்கு மேல் இந்த இடத்திலேயே தீர்ந்திருக்கின்றன.

விண்டோஸ் என்றால் வித்தியாசம் பெரும்பாலும் முதல் எழுத்திலேயே இருக்கும். நேற்றுவரை "இ" டிரைவாக இருந்த டிஸ்க், வேறொரு பென் டிரைவ் முதலில் செருகப்பட்டதால் இன்று "எஃப்" ஆகியிருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய்ப் பழைய எழுத்தையே திரும்பக் கொடுத்தால் ஆச்சரியக்குறிகள் அத்தனையும் மறைந்துவிடும். மென்பொருளைத் தொட வேண்டியதே இல்லை.

மேக்கில் இதே நோய்க்கு வேறு முகம். டிஸ்க் சரியாக வெளியேற்றப்படாதபோது, அதே பெயரில் ஒரு வெற்று ஃபோல்டர் சில சமயம் "வால்யூம்ஸ்" ஃபோல்டருக்குள் தங்கிவிடும். அடுத்த முறை செருகும்போது அந்தப் பெயர் ஏற்கெனவே இருப்பதால், டிஸ்க்கின் முகவரியில் பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளியும் 1 என்ற எண்ணும் ஒட்டிக்கொள்ளும். டெஸ்க்டாப்பில் பழைய பெயரே தெரியும் என்பதால் கண்டுபிடிப்பது கடினம். டிஸ்க்கை வெளியேற்றி, அந்த ஃபோல்டர் நிஜமாகவே காலிதானா என்று இரண்டு முறை பார்த்து, அதை நீக்கிவிட்டு மறுபடி செருகுங்கள். அனுமதியையும் பாருங்கள்: 2019இல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து, வெளி டிஸ்க்கைப் படிக்க மென்பொருளுக்கு நீங்கள் அனுமதி தர வேண்டும். அந்தக் கேள்விக்கு ஒருமுறை தவறிப்போய் "வேண்டாம்" என்று அழுத்தியிருந்தால், டிஸ்க் கண்முன்னே இருந்தும் மென்பொருளுக்குத் தெரியாது. அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு வரும் ஒரு தொல்லை. ஆங்கிலத்தில் பெயர் வைத்த பாடல்களெல்லாம் சரியாக இருக்க, தமிழ்ப் பெயர்களில் சில மட்டும் காணவில்லை என்றால் இதைச் சந்தேகப்படுங்கள். "கோ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. முன்னால் வரும் இரட்டைக் கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனிக் குறிகளாக வைப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பமைப்பு (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) இவற்றைப் பிரித்துத்தான் சேமிக்கும். விண்டோஸ் வந்ததை வந்தபடியே வைத்துக்கொள்ளும். ஆகவே மேக்கிலிருந்து விண்டோஸுக்கு மாறும்போது "கொ", "கோ", "கௌ" வரிசை எழுத்துகள் உள்ள பெயர்கள் மட்டும் பொருந்தாமல் போகலாம். "கா", "கி" உள்ள பெயர்களுக்கு ஒன்றும் ஆகாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஓர் இரவு முழுவதும் பிடித்தது. ஒகர, ஓகார எழுத்துகள் மட்டும் அடிபட்டிருப்பதைக் கவனித்த பிறகுதான் பொறி தட்டியது. இப்படிப்பட்ட பாடல்களை ஒவ்வொன்றாக மென்பொருளின் "இடம் மாற்று" வசதியால் புதிய இடத்தைக் காட்டி இணைக்க வேண்டியதுதான்.

முகவரிக் கோளாறை மென்பொருளுக்குள்ளேயே சரிசெய்வதானால் நீங்கள் தேட வேண்டிய சொல் அதுதான்: இடம் மாற்றுவது, ஆங்கிலத்தில் ரீலொகேட். டிஜே மென்பொருள்களில் செராட்டோ என்றால், பாடல் ஃபோல்டரை அதற்கான பொத்தான்மேல் இழுத்துப் போட்டால் தானே தேடிக்கொள்ளும். ரெக்கார்ட்பாக்ஸில் கோப்பு மெனுவில் காணாமல் போன கோப்புகளின் பட்டியலைத் திறந்து செய்யலாம். மிக்ஸ் (Mixxx) மென்பொருளில் ஃபோல்டரையே புதிய இடத்தோடு இணைக்கும் வசதி அமைப்புகளில் இருக்கிறது. நீக்கிவிட்டுச் சேர்ப்பது என்பது எதிலும் கடைசி வழி.

ப்ளேலிஸ்ட்டுகளும் காலி என்கிறீர்களே, அதுதான் எனக்குக் கொஞ்சம் கவலையாக இருக்கிறது. முகவரி மட்டும் தவறாகியிருந்தால் பட்டியல் இருக்கும், பாடல்களில் ஆச்சரியக்குறி இருக்கும். பட்டியலே காலி என்றால் இரண்டில் ஒன்று: தரவுத்தளம் கெட்டிருக்கிறது, அல்லது மென்பொருள் வேறொரு தரவுத்தளத்தைத் திறந்திருக்கிறது. இரண்டாவதை முதலில் பாருங்கள். டிராக்டர் (Traktor) என்ற டிஜே மென்பொருள் தன் ஃபோல்டர் பெயரிலேயே பதிப்பு எண்ணை வைக்கும்; புதிய பதிப்புக்கு மாறியபின் பழைய தொகுப்பு பழைய எண் கொண்ட ஃபோல்டரில் பத்திரமாக இருக்கலாம். மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் உங்கள் ஆவணங்கள் ஃபோல்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாலும் இதே குழப்பம் வரும். செராட்டோவும் வர்ச்சுவல்டிஜேயும் வெளி டிஸ்க்கில் உள்ள பாடல்களுக்கான தரவை அந்த டிஸ்க்கிலேயே தனி ஃபோல்டரில் வைக்கின்றன. "இதென்ன தேவையில்லாத ஃபோல்டர்" என்று யாராவது அழித்திருந்தால் குப்பைத்தொட்டியில் தேடுங்கள்.

நிஜமாகவே கெட்டிருந்தால், எந்த மென்பொருள் என்பதைப் பொறுத்து உங்கள் அதிர்ஷ்டம் மாறும்.

செராட்டோ என்றால் ஓரளவு நிம்மதியாக இருக்கலாம். க்யூ பாயின்ட், லூப், பீட்கிரிட் எல்லாவற்றையும் அது பாடல் கோப்பின் டேக்கிலேயே, அதாவது கோப்புக்குள் இருக்கும் விவரப் பகுதியிலேயே, எழுதிவிடுகிறது. தரவுத்தளம் முழுவதும் போனாலும் எம்பி3 கோப்பு இருந்தால் குறிப்புகளும் இருக்கின்றன. போவது கிரேட்டுகளின் (செராட்டோவின் பாடல் பட்டியல்கள்) வரிசை மட்டும். அதுவும் கிரேட் ஒவ்வொன்றும் தனிக் கோப்பு என்பதால் பெரும்பாலானவை தப்பிவிடும்.

டிராக்டரின் தொகுப்பு ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு. சாதாரண எழுத்துக் கோப்புதான், எந்த எடிட்டரிலும் திறக்கலாம். அதன் பேக்கப் ஃபோல்டருக்குள் பழைய பிரதிகள் தேதியோடு இருக்கும். முதலில் கோப்பின் அளவைப் பாருங்கள். பல எம்பி இருந்த கோப்பு இன்று 0 பைட் என்றால், டிஸ்க்கில் இடமில்லாத நேரத்தில் எழுத முயன்று பாதியில் நின்றிருக்கலாம். அளவு ஓரளவு இருந்தால் கடைசி வரிக்குப் போங்கள். முடிக்கும் குறி இல்லாமல் ஏதோ ஒரு பாடலின் பெயர் நடுவில் அறுந்து நிற்கிறதா? அந்த அறுந்த பாடலைத் தூக்கிவிட்டு, திறந்திருக்கும் குறிகளை முறையாக மூடினால் அதற்கு முந்தைய பாடல்கள் அத்தனையும் வந்துவிடும். ப்ளேலிஸ்ட்டுகள் கோப்பின் பின்பகுதியில் இருப்பதால் அவற்றுக்குப் பழைய பிரதியைத்தான் நம்ப வேண்டும். ஒரு சின்ன வினோதம்: இதில் ஃபோல்டர்களைப் பிரிக்கச் சாய்கோட்டுக்குப் பின் முக்காற்புள்ளி ஒன்றும் வரும். முகவரிகளை மொத்தமாக மாற்ற நினைப்பவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள்.

ரெக்கார்ட்பாக்ஸ்தான் கொஞ்சம் கடினம். 6ஆம் பதிப்பிலிருந்து தரவுத்தளம் மறைகுறியாக்கப்பட்டது. எடிட்டரில் திறந்து பார்க்க முடியாது. ஆனால் "மாஸ்டர்" என்ற பெயருள்ள தரவுத்தளக் கோப்பின் பக்கத்திலேயே "மாஸ்டர் பேக்கப்" என்று தொடங்கும் பிரதிகள் இருக்கும். பின்னணியில் ஓடும் அதன் ஏஜென்ட் நிரலையும் மூடிவிட்டு, கெட்ட கோப்பின் பெயரை மாற்றி வைத்து, பிரதிக்கு அசல் பெயரைக் கொடுத்துத் திறந்து பாருங்கள். எந்தப் பிரதி நல்லது என்பதை அளவும் தேதியும் சொல்லும்.

மிக்ஸ் பயன்படுத்துபவரானால் அது திறந்த எஸ்கியூலைட் கோப்பு. எஸ்கியூலைட்டின் கட்டளைவரிக் கருவியில் "ரிகவர்" கட்டளை கொடுத்தால் கெட்ட கோப்பிலிருந்தும் படிக்க முடிந்ததையெல்லாம் அள்ளிக் கொடுக்கும். பிரதியில் செய்யுங்கள், அசலில் அல்ல.

டிஸ்க்கே சாகிறதோ என்ற சந்தேகம் இருந்தால் வரிசை மாறுகிறது. பிரதி எடுக்கும்போது சில கோப்புகளில் சிக்கி நிற்கிறதா, டிக் டிக் என்று ஓசை வருகிறதா? அப்படியானால் செக்டிஸ்க் போன்ற பழுதுபார்க்கும் கருவிகளை முதலில் ஓட்டாதீர்கள். அவை கோப்பமைப்பைச் சீராக்கத்தான் பார்க்கும். உங்கள் பாடல்களைக் காப்பது அவற்றின் வேலை அல்ல. முதலில் டிடிரெஸ்க்யூ போன்ற கருவியால் டிஸ்க்கை முழுவதுமாக நகலெடுத்து, மீட்பு வேலையை நகலில் செய்யுங்கள். எக்ஸ்ஃபேட் வடிவில் உள்ள டிஸ்க் என்றால், அதில் ஜர்னல் வசதி (மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைப்பது) இல்லாததால், முறையாக வெளியேற்றாமல் பிடுங்கியதற்கே இந்தப் பாடு வந்திருக்கலாம்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன்: மேடையில் செருகி வாசித்த பழைய பென் டிரைவ் எங்கே? ரெக்கார்ட்பாக்ஸிலிருந்து ஏற்றுமதி செய்த பென் டிரைவில் பாடல்களோடு க்யூ விவரங்களும் ப்ளேலிஸ்ட்டுகளும் சேர்ந்தே போயிருக்கும். பேக்கப் என்று யாரும் அதை நினைப்பதில்லை. என்னை ஓரளவு காப்பாற்றியதும் அப்படி ஒரு பென் டிரைவ்தான்; அந்த மாலைக்கு இரண்டு மாதம் கழித்து, ஹெட்போன் பையின் உள்பாக்கெட்டில் கிடைத்தது. எழுநூறு பாடல்களின் குறிப்புகள் அதிலிருந்து திரும்பி வந்தன. மீதியை, வாசிக்க எடுக்கும்போதெல்லாம் ஒவ்வொன்றாக இன்னமும் குறித்துக்கொண்டிருக்கிறேன்.