வரைபடத்தில் காணாமல் போன கப்பெல் கெலின்

பழைய வேல்ஸ் வரைபடத்தில் பாலா ஊருக்கு அருகே கப்பெல் கெலின் என்றொரு கிராமம் இருக்கிறது, இப்போது தேடினால் ஏரிதான் வருகிறது, பெயர் மாறிவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் தேடியதில் தவறில்லை சார். ஊர் அந்த ஏரிக்கு அடியில்தான் கிடக்கிறது.

இங்கிலாந்தின் லிவர்பூல் மாநகராட்சி தன் தண்ணீர்த் தேவைக்காக அந்த ஊர் வழியே ஓடிய த்ரவெரின் ஆற்றில் அணை கட்ட 1957-இல் நேராக பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலேயே சட்டம் வாங்கிக்கொண்டது. அதனால் வேல்ஸ் உள்ளாட்சிகளின் அனுமதியே தேவைப்படவில்லை. வேல்ஸின் 36 எம்.பி.க்களில் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை, என்ன பயன்? 1965-இல் பள்ளி, தபால் நிலையம், தேவாலயம், இடுகாடு, பண்ணை வீடுகள் எல்லாம் தண்ணீருக்குள் போயின. வேல்ஸ் மொழியே வாழ்ந்த ஊர் என்பதால் கோபம் இன்னும் ஆறவில்லை. லிவர்பூல் மன்னிப்புக் கேட்டது 2005-இல். 40 வருடம்!

நேரில் போவதானால் ஏரிக்கரைச் சாலையோரம் ஒரு சிறிய நினைவுத் தேவாலயம் இருக்கிறது, அங்கே நிறுத்துங்கள். கடும் வறட்சியில் நீர் இறங்கினால் பழைய சுவர்களின் மிச்சமும் தெரியும். மற்ற நாட்களில் வெறும் தண்ணீர்தான்.