கட்சித் தாவல் தடைச் சட்டம் என்றால் என்ன? அதில் குறை எங்கே இருக்கிறது?

ஒரு கட்சியின் சின்னத்தில் வென்ற உறுப்பினர் அக்கட்சியைத் தாமாக விட்டு விலகினாலோ, அவையில் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி சார்பில் சொல்லும் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தாலோ பதவியை இழக்கலாம் என்கிறது 1985-இல் அரசமைப்பின் பத்தாவது அட்டவணையாகச் சேர்ந்த இந்தச் சட்டம். மக்கள் சின்னத்தையும் பார்த்தே வாக்களிக்கிறார்கள். மதுரை என்ற பலகையைப் பார்த்து ஏறியவர்களைப் பாதி வழியில் பலகையை மாற்றி வேறூருக்கு ஓட்டிச் செல்வது போன்றதுதான் தாவல்.

ஆனால் புகாரை விசாரித்து முடிவு சொல்பவர் பேரவைத் தலைவர். அவரோ பெரும்பாலும் ஆளுங்கட்சிச் சின்னத்தில் வென்றவர், அவருக்குச் சட்டம் கெடுவும் விதிக்கவில்லை. மனு மாதக்கணக்கில் மேசையிலேயே கிடக்க இடம் தரும் இந்த ஏற்பாட்டை என்னால் ஏற்க முடியவில்லை. தனித் தீர்ப்பாயமே நியாயமானது. 2020-இல் உச்ச நீதிமன்றமும் அதைப் பரிசீலிக்கச் சொன்னது.

தகுதி இழந்தவர் மீண்டும் போட்டியிடவே முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, 2019-இல் கர்நாடகத்தில் தகுதி நீக்கப்பட்ட 17 பேரில் பலர் அவ்வாண்டு டிசம்பர் இடைத்தேர்தலிலேயே நின்று வென்றார்கள்.