டீச்சரிடம் கேளுங்கள்: தினமும் ‘மிக அவசரம்’ என்றால்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வட்டார வள மையங்களில் வேலை பார்ப்பவர்கள் எழுதியவை. நானும் அங்கே ஆசிரியர் பயிற்றுநராக இருந்து, மேற்பார்வையாளர் பொறுப்பில் ஓய்வு பெற்றவள்தான் என்பதால் எழுதியிருக்கிறார்கள் போலும். தெரியாதவர்களுக்காக: குமரி மாவட்டத்தில் தோவாளை முதல் முஞ்சிறை, மேல்புறம் வரை 9 ஒன்றியங்கள். பள்ளிகளுக்கான பயிற்சி, புள்ளிவிவரம், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான உதவி எல்லாம் ஒன்றியத்து வள மையம் வழியாகத்தான் போகும். 2018-ல் அனைவருக்கும் கல்வி இயக்கத்தையும் இடைநிலைக் கல்வித் திட்டத்தையும் சேர்த்து சமக்ர சிக்‌ஷா ஆக்கினார்கள். பெயர்ப் பலகைதான் மாறியது. பலகைக்குக் கீழே ஒட்டும் நோட்டீஸ் மாறவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதை எழுதி ஒட்டுவது என் வேலையாக இருந்தது.

கேள்வி: பள்ளிகளிடம் விவரம் கேட்டு வாட்ஸ்அப் குழுவில் நினைவூட்டல் போடுவது என் பொறுப்பு. ‘மிக மிக அவசரம்’ என்று மூன்று முறை போட்டாலும் பாதிப் பேர் கண்டுகொள்வதில்லை. மாவட்ட அலுவலகத்தில் திட்டு வாங்குவது நான். என்ன செய்ய, டீச்சர்?
– கணினி விவரப் பதிவாளர், விளவங்கோடு வட்டம்

தினமும் ‘மிக அவசரம்’ என்று போட்டால் அது ‘வணக்கம்’ மாதிரி ஆகிவிடும், மக்களே. நீங்கள் இணைத்திருந்ததைப் படித்தேன். “இதுவரை விவரம் அளிக்காத பள்ளிகள் உடனடியாக அளிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. தவறும்பட்சத்தில் தலைமையாசிரியரே முழுப் பொறுப்பு.” எந்தப் பள்ளி என்று இல்லை. எந்த விவரம் என்று இல்லை. எத்தனை மணிக்குள் என்றும் இல்லை. பழி யார் தலையில் என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது! வாசிக்கிற தலைமையாசிரியைக்கு ‘இது நம்மைச் சொல்லவில்லை’ என்றுதான் தோன்றும். உங்களைக் காப்பாற்றிக்கொள்ள எழுதியது அது. அடுத்தவருக்கு ஞாபகப்படுத்த எழுதியதாகத் தெரியவில்லை.

இப்படிப் போட்டுப் பாருங்கள்: “பாக்கி 7 பள்ளிகள், பெயர் கீழே. ஆறாம் வகுப்பில் ஆதார் எண் இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர்? எண் மட்டும் போதும். புதன் மாலை 4 மணிக்குள். ஒருவரும் இல்லை என்றால் 0 என்று போடவும்.” கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அலுவலகத் தமிழில் ‘இன்மை அறிக்கை’ என்போமே, அதுதான். எங்கள் மையத்தில் பதில் தராதவர்களைக் கூப்பிட்டுக் கேட்டால், “நம்ம பள்ளியில அப்படி யாரும் இல்லையே டீச்சர், அதான் போடல” என்பார்கள். இல்லை என்பதையும் சொல்ல வேண்டும் என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

இன்னொன்று. பேச்சிப்பாறை அணைக்கு மேலே காணிப் பழங்குடி மக்கள் குடியிருப்புகள் இருக்கின்றன. சில இடங்களுக்குப் படகில்தான் போக வேண்டும். அந்தப் பக்கம் வேலை பார்க்கிற டீச்சருக்குப் பகல் முழுக்க டவர் கிடையாது. சாயங்காலம் குலசேகரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதுதான் போன் உயிர் பெற்று மொத்தச் செய்தியும் வந்து விழும். ரோஜாப்பூவோடு காலை வணக்கம் பத்து, யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து முப்பது, அவற்றுக்கு நன்றி ஒரு பத்து, எல்லாவற்றுக்கும் அடியில் உங்கள் அவசரம். எங்கள் ஒன்றியத்தில் அப்படி மூன்று பேர் இருந்தார்கள். மாலை ஆறரைக்கு மேல் அந்த மூன்று பேரையும் போனில் கூப்பிட்டு வாயால் சொல்லிவிடுவேன். ஆளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒருவர் மட்டும் மரச்சீனிக் கிழங்கு விலையில் ஆரம்பித்து ஊர்க்கதை முழுக்கப் பேசுவார், அது வேறு.

கேள்வி: டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை விட்டார்கள். எங்கள் மையத்தில் பாதிப் பேர் வந்தோம், பாதிப் பேர் வரவில்லை. யார் செய்தது சரி?
– ஆசிரியர் பயிற்றுநர், பெயர் வேண்டாம்

வராதவர்கள் செய்ததுதான் சரி. வந்தவர்கள் வேலையை முடித்திருந்தால் அதிலும் தப்பில்லை. ஆட்சியர் அறிவிப்பு மாநில அரசு அலுவலகங்களுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் சேர்த்துத்தான் வரும். நாம் எல்லோரும் முதல் பத்தியோடு நிறுத்திக்கொள்வதால்தான் குழப்பம். கீழே இன்னும் இரண்டு சங்கதி இருக்கும். ஒன்று, இது செலாவணி முறிச் சட்டம் 1881-ன் கீழ் வருகிற விடுமுறை அல்ல, அதனால் கருவூலம் குறைந்த ஆட்களோடு இயங்கும். வங்கியும் திறந்திருக்கும். சம்பளப் பட்டியல் வேலை வைத்திருப்பவர் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டு, ஈடுகட்ட எந்தச் சனிக்கிழமை வேலை நாள் என்பது. இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். விடுமுறை விட்டது பத்து மாதம் கழித்தும் ஞாபகம் இருக்கும், சனிக்கிழமை மட்டும் இருக்காது!

வேறு மாவட்டத்திலிருந்து மாறுதலில் வருகிறவர்கள் முதல் வருடம் நம் விடுமுறைகளைப் பார்த்து முழிப்பார்கள். மாசி 20 அய்யா வைகுண்டர் அவதார தினம், மண்டைக்காட்டுக் கொடை, சிவராத்திரி, 1956-ல் தமிழகத்தோடு சேர்ந்த நாளான நவம்பர் 1, அப்புறம் சவேரியார், சுசீந்திரம் மார்கழித் தேர். இத்தனைக்கும் ஈடுசெய்கிற சனிக்கிழமைகளை வருடத் தொடக்கத்திலேயே யாராலும் சொல்ல முடியாது. ஆணை வந்த அன்றே காலண்டரில் அந்தச் சனிக்கிழமையைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். காலண்டர் கையெழுத்துப் பதிவேட்டுக்கு நேர் மேலே தொங்கட்டும்.

இவ்வளவு பேசுகிற நானே கோட்டை விட்டிருக்கிறேன். ஒரு வருடம் சிவராத்திரிக்கு முந்தின நாள் பயிற்சி வைத்தேன். விடுமுறை மறுநாள்தானே என்று நினைப்பு. பன்னிரண்டு சிவன் கோயில்களுக்குப் பக்தர்கள் ஓடிப் போகிற சிவாலய ஓட்டம் முந்தின நாளே முஞ்சிறை திருமலையில் தொடங்கிவிடும் என்பது பிறந்ததிலிருந்து பார்த்துவருகிற எனக்குத் தெரியாதா? தெரியும். பயிற்சித் தேதி எழுதுகிற கைக்கு ஞாபகம் வரவில்லை. ஐந்து மணிக்குப் பயிற்சி முடிந்து வெளியே வந்தால் ரோடு முழுக்கக் காவி வேட்டி, கையில் விசிறி, “கோவிந்தா கோபாலா”. திற்பரப்புப் பக்கம் போக வேண்டிய நாலு டீச்சர்மார் வீடு போய்ச் சேர்ந்தது ராத்திரி ஒன்பதுக்கு மேல். ஒருத்திக்குக் கைக்குழந்தை. மறுவாரம் அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சுக்குக் காப்பி கொடுத்தேன், வாங்கிக் குடித்தாள், அவ்வளவுதான்.

கேள்வி: எங்கள் மூத்த பயிற்றுநர் பிறந்த தேதி ஜூன் 1. ஜூன் 30-ல் பணி நிறைவு என்று அறிவிப்புப் போட்டு மண்டபமும் பேசிவிட்டோம். அவரோ மே 31 என்கிறார்.
– குருந்தன்கோடு வாசகி

அவர் சொல்வதுதான் சரி. மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர் முந்தின மாதக் கடைசி நாளில் ஓய்வு பெறுவார். மண்டபத்தை மாற்றுங்கள். அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியரே ஒரு மே மாதத் தேதியைப் போட்டுவிடுவார் என்பதால் நம் ஆட்களில் ஏகப்பட்ட பேர் மே மாதத்தில்தான் ‘பிறந்தவர்கள்’. மே 31 அன்று மண்டபம் கிடைப்பது கல்யாண முகூர்த்தத்துக்குக் கிடைப்பதைவிடக் கஷ்டம். இடையில் ஓய்வு வயதை 2020-ல் 59 ஆக்கி, 2021-ல் 60 ஆக்கியபோது இரண்டு வருடம் இந்த விழாவே இல்லாமல் இருந்தது. பூமாலைக்குத் தோவாளைப் பூச்சந்தையில் சொல்லிவிடுங்கள். முந்தின நாளே சொன்னால் போதும்.

கேள்வி: ஒருவர் எதற்காக மருத்துவ விடுப்பில் இருக்கிறார் என்று குழுவில் போடலாமா? அக்கறையில்தான் கேட்கிறேன்.
– தக்கலை வாசகர்

வேண்டாம். ‘விடுப்பில் இருக்கிறார், அவர் பள்ளிகளை இன்னார் பார்ப்பார்’ என்பதோடு நிறுத்துங்கள். அக்கறை இருந்தால் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். போகும்போது ஒரு சீப்பு மட்டிப்பழம் கொண்டுபோங்கள்.

கேள்வி: நான் தொகுப்பூதியத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநர். நிரந்தரப் பணியாளருக்கு மாறுதல், ஓய்வு, வீட்டு விசேஷம் எல்லாம் பலகையில் வரும். எங்களுக்கு ஒன்றும் வராது. இதைக் கேட்டால் சின்னத்தனமா, டீச்சர்?
– கடலோர ஊரிலிருந்து ஒருவர்

சின்னத்தனம் இல்லை. இந்தக் கேள்விக்குப் பதில் எழுத எனக்கு மூன்று நாள் ஆனது.

எங்கள் மையத்திலும் உங்களைப் போல ஒருவர் இருந்தார். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டிலேயே போய்ப் பயிற்சி கொடுப்பது அவர் வேலை. இரண்டு பஸ் மாறி, கடற்கரை மணலில் நடந்து, மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பையன் வீட்டுக்கு வாரம் தவறாமல் போவார். பையில் மணி கோர்க்கிற கம்பி, ஒரு பந்து, துவட்டுவதற்குத் துண்டு. அந்தப் பையனுக்குக் கரண்டி பிடிக்க வர எத்தனை மாதம் ஆனது என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தார். அவருக்கு வேறு இடத்தில் நல்ல வேலை கிடைத்தது, போய்விட்டார். அந்த வெள்ளிக்கிழமை பலகையில் நான் எழுதியது இது: “சிறப்புப் பயிற்றுநர் பணியிடம் 1 காலி. விவரம் மாவட்டத்துக்கு அனுப்பப்பட்டது.” அவர் பெயரைக்கூட எழுதவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பையனின் அம்மா மையத்துக்கு வந்தார். மீன் சந்தையிலிருந்து நேராக வந்திருக்கிறார், கையில் கவிழ்த்த சருவம். “எங்க டீச்சருக்கு சொகமில்லியா?” என்று கேட்டார். பலகை அவருக்குப் பின்னால்தான் இருந்தது, நான் எழுதிய வரியோடு.

உங்கள் மேற்பார்வையாளரிடம் நேராகவே கேளுங்கள். கூச்சமாக இருந்தால் இந்தப் பக்கத்தைக் கிழித்து மேசையில் வையுங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற பிறகும் அலுவலகக் குழுவில் இருக்கிறீர்களா?
– நாகர்கோவில் வாசகி

ஓய்வு பெற்ற மறுநாள் காலையிலேயே எடுத்துவிட்டார்கள். முறைதான். பதினோரு மணிக்கு அங்கிருந்தே போன்: “டீச்சர், பழைய சக்கர நாற்காலி வழங்கல் பதிவேடு எங்க?” பச்சை அலமாரி, இரண்டாவது தட்டு, இடது பக்கம்.