இனிப்பு நீர்ல அப்படி என்னதான் நல்லது இருக்கு? (மிஸ்ஸி அக்கா பதில்கள்)

கேள்வி: அக்கா வணக்கம். வயசு 49, பள்ளிக்கூட கேண்டீன்ல வேலை. போன மாசம் கிளினிக்ல ரத்தம் எடுத்தாங்க, இனிப்பு நீர்னு, அதான் சர்க்கரை வியாதின்னு சொல்லிட்டாங்க, எச்பிஏ1சின்ற சீனி டெஸ்ட்டுல 8.4. எங்கம்மாவுக்கும் இருந்துச்சு, கடைசில கால் விரல எடுத்தாங்க, அதப் பாத்து வளந்தவ நான். இப்ப வீட்ல எல்லாரும் பாசிட்டிவா இரும்மான்றாங்க. கோயில்ல ஒரு அம்மா, எல்லாம் நல்லதுக்குத்தான், உடம்ப பாத்துக்கன்னு ஆண்டவன் சொல்றான்னாங்க. எனக்கு கோவம் கோவமா வருது. உண்மையிலயே இதுல ஏதாவது நல்லது இருக்கா, இல்ல சும்மா ஆறுதலுக்கா?
பெயர் வேண்டாம், ஜெலுத்தோங்

பதில்: கோவப்படுங்க தங்கச்சி, தப்பே இல்ல. அடுத்தவங்களுக்கு வந்தா நல்லதுக்குத்தான்னு சொல்றவங்கள்ல ஒருத்தராவது எனக்கும் கொஞ்சம் வரட்டும்னு சொல்லி நான் கேட்டதில்ல. வியாதில நல்லது ஒன்னும் கிடையாது. ஆனா வியாதி இருக்குன்னு உங்களுக்கு தெரிஞ்சதுல இருக்கு, நெறையவே இருக்கு.

2019ல மலேசிய சுகாதார அமைச்சு எடுத்த ஆய்வுல நம்ம இந்தியர்கள்ல பெரியவங்கள்ல 31 விழுக்காட்டுக்கு மேல இனிப்பு நீர் இருந்துச்சு. 2023ல எடுத்ததுல எல்லா இனமும் சேத்து 15.6 விழுக்காடு, ஆறு பேர்ல ஒருத்தர்னு வச்சுக்குங்க, அதுல அஞ்சுல ரெண்டு பேருக்கு தனக்கு இருக்குறதே தெரியாது. அவங்களும் உங்கள மாதிரியே காலைல எந்திரிச்சி வேலைக்கு போறாங்க, மூனு தே தாரே குடிக்கிறாங்க, உள்ளுக்குள்ள கண்ணும் கிட்னியும் சத்தமில்லாம கெட்டுட்டு இருக்கும். உங்கம்மா காலத்துல பல பேருக்கு புண்ணு ஆறலன்னு வந்து காட்டுனப்பத்தான் விஷயமே தெரிஞ்சது, அப்ப வார்டுல நர்ஸா இருந்தவ நான், பாத்திருக்கேன். நீங்க அந்த எடத்துல இருந்து ஆரம்பிக்கல.

அந்த 8.4 என்னன்னு யாராவது உக்காந்து சொன்னாங்களா? ரத்தத்துல இருக்குற சிவப்பணு சுமார் 120 நாள்தான் உசுரோட இருக்கும், ரத்தத்துல சீனி கூட இருந்தா அந்த அணுக்குள்ள இருக்குற ஹீமோகுளோபின்ல போயி ஒட்டிக்கும், எவ்ளோ ஒட்டியிருக்குன்னு பாக்குறதுதான் அந்த டெஸ்ட். பழைய அணு செத்து புதுசு வந்துட்டே இருக்குறதால, தீபாவளிக்கு தின்ன அதிரசமும் நெய்யுருண்டையும் தைப்பூசம் தாண்டுனா அந்தக் கணக்குல பெருசா இருக்காது. மூனு மாசத்துக்கு ஒருக்கா பழசெல்லாம் அழிச்சிட்டு புதுசா மார்க்கு போட்டா எப்படி இருக்கும், அப்படி. வேற எத்தன வியாதில நீங்க செஞ்சதுக்கு இவ்ளோ சீக்கிரம் நம்பர்ல பதில் கெடைக்குது சொல்லுங்க? நடந்தா எறங்குது, குவே பலகாரத்த தின்னா ஏறுது, ரெண்டுமே கண்ணுக்கு தெரியுது.

இன்னொன்னு, புதுசா கண்டுபிடிச்சவங்களுக்குன்னே சொல்றது. பிரிட்டன்ல 1977ல ஆரம்பிச்சு 20 வருஷம் 5,102 பேர வச்சி ஒரு பெரிய ஆய்வு நடந்துச்சு, எல்லாரும் புதுசா இனிப்பு நீர் தெரிய வந்தவங்க. எச்பிஏ1சி 1 புள்ளி கொறைவா இருந்தவங்களுக்கு கண்ணு கிட்னி மாதிரி சின்ன ரத்தக்குழாய்ல வர்ற கோளாறு 37 விழுக்காடு கம்மியா இருந்துச்சு. அதவிட எனக்கு புடிச்சது அதுக்கப்புறம் வந்த சேதி. ஆய்வு முடிஞ்சி 10 வருஷம் கழிச்சி அதே ஆளுங்கள பாத்திருக்காங்க, சீனிய கடுமையா கட்டுப்படுத்துன கூட்டத்துக்கும் சாதாரணமா பாத்துக்கிட்ட கூட்டத்துக்கும் சீனி அளவு ஏறக்குறைய ஒன்னாயிருச்சு, ஆனா ஆரம்பத்துல நல்லா கட்டுப்படுத்துனவங்களுக்கு அந்த பலன் மட்டும் அப்படியே நின்னுருக்கு. டெஸ்ட்டு பழசெல்லாம் மறந்துரும், உடம்பு நீங்க இந்த முதல் சில வருஷத்துல செய்ற நல்லத மறக்காது. 49 வயசுல, 8.4ல தெரிஞ்சது எவ்ளோ பெரிய விஷயம்னு இப்ப பாருங்க.

அப்புறம் கிளினிக்ல கட்டுற ஒரு வெள்ளி (ரிங்கிட்) கதை. அரசாங்க கிளினிக்ல ஒரு வெள்ளி கட்டிட்டு வருஷம் ஒருக்கா கண்ண படம் புடிச்சி பாக்குறாங்க, கால பாக்குறாங்க, ஒன்னுக்கு, கிட்னி, கொழுப்பு, பிரஷர் எல்லாம் பாக்குறாங்க. காத்திருக்குறது எரிச்சல்தான், ஒத்துக்கிறேன், ஒரு புஸ்தகமோ ஊசி நூலோ எடுத்துட்டுப் போங்க. ஆனா இனிப்பு நீர் இல்லாத உங்க வீட்டுக்காரரு கடைசியா எப்ப கண்ண காட்டுனாரு, கேட்டுப் பாருங்க.

நான் கொஞ்சம் கடுமையா சொல்லப்போறது சமையல் பத்தி. நம்ம வீடுகள்ல என்ன நடக்குதுன்னா பொம்பளைக்கு இனிப்பு நீர் வந்தா அவங்களுக்குன்னு ஒரு சின்ன சட்டில உப்பில்லாம ஒரப்பில்லாம ஒரு காய் வச்சிக்குவாங்க, மத்தவங்களுக்கு வழக்கம்போல பொரிச்சது வறுத்தது, கடைசில மிச்ச சோத்த வீணாக்க மனசில்லாம சட்டிய வழிச்சி அதையும் திங்கிறது அவங்கதான், அப்புறம் ஏன் சீனி எறங்கலன்னு அழுவாங்க. தனி சமையல் வேணாம். அமைச்சு சொல்ற தட்டுக் கணக்கு லேசானது, கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ பருப்போ, பாதி தட்டு காயும் பழமும், அதையே எல்லாருக்கும் போடுங்க. உங்கம்மாவுக்கு இருந்துச்சு, இப்ப உங்களுக்கு, உங்க பிள்ளைங்களுக்கும் வர்ற வாய்ப்பு மத்தவங்கள விட கூடத்தான். பாசிட்டிவா இருன்னு சொல்றவங்க அந்த தட்டுல சாப்பிட்டு காட்டட்டும், முணுமுணுப்பாங்க, ரெண்டு வாரத்துல பழகிரும்.

சந்தோஷமா இருந்தாத்தான் இதெல்லாம் செய்யணும்னு இல்ல. மூஞ்ச தூக்கி வச்சிட்டு மாத்திரை போட்டாலும் மாத்திரை வேலை செய்யும். வாரக்கணக்கா தூக்கமில்ல, எதுலயும் புடிப்பில்லன்னா மட்டும் கிளினிக்ல வாயத் தொறந்து சொல்லிருங்க, அதையும் பாக்குறதுக்கு ஆளு இருக்காங்க.

கேள்வி: மிஸ்ஸி, எனக்கு 38. சீனி வந்ததுல இருந்து கூட்டாளிங்களோட மாமாக் கடைக்கு போறதையே நிறுத்திட்டேன். வீட்ல சும்மா உக்காந்திருக்கேன். போனா தின்னுருவேன்னு பயம்.
வாசகர், பட்டர்வொர்த்

பதில்: போங்க தம்பி. கூட்டாளிங்க பேசுற கதை கேக்குறதுக்கு சீனி ஏறாது. தே ஓ கோசோங், பாலும் சீனியும் இல்லாத டீ, சொல்லுங்க, மொதல்ல கசக்கும், நாக்கு பழகிக்கும். நாசி கண்டார்னா சோறு பாதி, வெண்டிக்காய், முட்டை, மீனு எடுத்துக்குங்க, கொழம்ப வெள்ளமா ஊத்துற குவா பஞ்சிர் மட்டும் வேணாம், அந்த கொழம்பு ஊறுன சோறு எவ்ளோ உள்ள போகுதுன்னே தெரியாது. சாப்பிட்டு ஒரு 15 நிமிஷம் நடங்க, தசை வேலை செய்யும்போது ரத்தத்துல இருக்குற சீனிய இன்சுலினோட தயவு பெருசா இல்லாமலே இழுத்துக்கும். கூட்டாளிங்களையும் இழுத்துட்டு நடங்க லா, பாதி பேருக்கு தொப்பை எப்படி இருக்குன்னு நீங்களே பாத்திருப்பீங்க.

சீனிய எறக்குற கிளிக்லசைடு மாத்திரையோ இன்சுலினோ எடுக்குறவரா இருந்தா பையில மிட்டாய் இருக்கட்டும். கை நடுங்கி வேர்த்து படபடன்னு வந்து மீட்டர்ல 4க்கு கீழ காட்டுனா மூனு தேக்கரண்டி சீனிய தண்ணில கலக்கி குடிச்சிட்டு 15 நிமிஷம் கழிச்சி மறுபடி பாருங்க. அப்ப மட்டும் கோசோங் கதையெல்லாம் பேசக்கூடாது.

கேள்வி: அடுத்த தைப்பூசத்துக்கு பினாங்கு தண்ணிமலை முருகன் கோயிலுக்கு பால்குடம் எடுக்க வேண்டியிருக்கேன். இனிப்பு நீர்காரங்க எடுக்கலாமா?
வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: 513 படி எனக்கு கவலை இல்லம்மா, இப்பவே சாயந்திரம் பொட்டானிக் கார்டன்ல நடக்க ஆரம்பிச்சா ஏறிரலாம். வெறுங்காலுதான் கவலை. முன்கூட்டியே கிளினிக்ல ஒரு மெல்லிசு நைலான் நூல பாதத்துல அழுத்தி உணர்ச்சி இருக்கான்னு பாப்பாங்க, கேட்டு செஞ்சிக்குங்க. உணர்ச்சி கம்மின்னா தார் ரோட்டு சூட்டுல கொப்பளம் வந்தாகூட உங்களுக்கு தெரியாது, முருகன் கோவிச்சிக்க மாட்டாரு, வேற நேர்த்தி வச்சிக்குங்க. உணர்ச்சி நல்லா இருந்தா விடியக்காலைல போங்க, ராத்திரி வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி வச்சி பாதத்த பாருங்க. விரதத்துக்கு மாத்திரைய எப்படி மாத்துறதுன்னு டாக்டர கேக்காம நீங்களா நிறுத்தக்கூடாது. தண்ணீர் பந்தல்ல குடுக்குற சிவப்பு ரோஸ் தண்ணிய கும்புட்டுட்டு வெறும் தண்ணி வாங்கிக்குங்க.

கேள்வி: சீனிக்கு குடுக்குற மெட்ஃபார்மின் மாத்திரை இங்கிலீஷ் மருந்து, கிட்னிய கெடுக்கும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. பாவக்காய் ஜூஸ் மட்டும் குடிச்சா போதுமா?
வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: போதாது. மெட்ஃபார்மினுக்கு மூலமே ஐரோப்பாவுல வைத்தியத்துக்கு வச்சிருந்த ஒரு செடிதான், அதனால மூலிகைன்னு சொன்னாத்தான் மனசு ஒத்துக்கும்னா அப்படியே நெனச்சிக்குங்க. கிட்னி ரொம்ப கெட்டுப்போனவங்களுக்கு அளவ கொறைப்பாங்க, இல்லன்னா நிறுத்துவாங்க, கெடுக்குறது அந்த மாத்திரை இல்ல, எறங்காத சீனி. வயித்த பெரட்டுச்சுன்னா சாப்பாட்டோட போடுங்க, பல வருஷம் எடுத்திருந்தா பி12 பாக்க சொல்லுங்க. பாவக்காய பொரியலா தாராளமா சாப்பிடுங்க, வெல்லக்கட்டி போட்டு வைக்கிற புளிக்கொழம்பு அந்தக் கணக்குல வராது.