புருனோவை எங்கே தொடங்குவது?

வணக்கம். பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியத் தத்துவவாதி ஜோர்டானோ புருனோவின் ‘முடிவிலி, பிரபஞ்சம், உலகங்கள்’ நூலில் தொடங்கி, பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற வானியலாளர் கோப்பர்நிக்கஸிடமிருந்து அவர் எங்கே விலகுகிறார் என்றே பிடிபடவில்லை என்கிறீர்கள். சிக்கல், நீங்கள் தொடங்கிய இடத்தில்தான். அந்நூல் நெடுக அரிஸ்டாட்டிலை மறுக்கிறது. ‘இடம்’ என்பது ஒரு பொருளைச் சூழ்ந்ததன் உள் எல்லை என்ற அவருடைய வரையறை தெரியாவிட்டால் வாதம் நழுவிவிடும்.

முதலில் ‘சாம்பல் புதன் விருந்து’ படியுங்கள். இதுவும் 1584-இல் லண்டனில் அச்சானதுதான். மூன்றாம் உரையாடலில், ஓடும் கப்பலின் பாய்மர உச்சியிலிருந்து விடும் கல் கப்பலோடு சேர்ந்தே நகர்ந்து மரத்தடியில் விழுகிறது. பூமி சுழன்றாலும் மேலே எறிந்த கல் ஏன் பின்தங்குவதில்லை என்பதற்கு இதுவே விடை. அருமையான பகுதி, நிதானமாகப் படியுங்கள். நான்காம் உரையாடலில் பூமி, நிலவு இருப்பிடங்களை மட்டும் நம்பாதீர்கள். கோப்பர்நிக்கஸின் படத்தைப் புருனோ தவறாகப் புரிந்துகொண்டார்.

அடுத்து ‘காரணம், மூலம், ஒருமை’: இரண்டாம் உரையாடல் உலகம் முழுவதையும் உள்ளிருந்து உயிர்ப்பிக்கும் உலக ஆன்மாவுக்கு, ஐந்தாவது எல்லாம் ஒன்றே என்ற ஒருமைக்கு. வடிவங்கள் வெளியிலிருந்து வருவதில்லை, பருப்பொருளுக்குள்ளிருந்தே எழுகின்றன என்பதைப் பிடித்துக்கொண்டு ‘முடிவிலி’க்குத் திரும்புங்கள்.

விலகல் இதுதான்: 1543-இல் கோப்பர்நிக்கஸ் சூரியனை நடுவே வைத்தாலும் விண்மீன்கள் பதிந்திருப்பதாகக் கருதப்பட்ட வெளிக்கோளத்தை விடவில்லை. புருனோ அதை உடைத்தார். விண்மீன்கள் எல்லாம் சூரியன்கள், அவற்றைச் சுற்றியும் உலகங்கள். பிரபஞ்சத்துக்கு நடுவும் இல்லை, விளிம்பும் இல்லை.