எடை குறைக்க லேப்ராஸ்கோபி ஆபரேஷன்: "சின்ன ஓட்டைதானே, பயப்பட என்ன இருக்கு?"

ஓட்டை சின்னதுதான். உள்ளே நடக்கிற வேலை சின்னதில்லை. நான் டாக்டர் இல்லை, அக்காவுக்கு ஸ்லீவ் (இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கும் ஆபரேஷன்) செய்தபோது ஆஸ்பத்திரியில் கூட இருந்தவன், அவ்வளவுதான்.

வயிற்றில் ஐந்தாறு துளை போட்டு, கார்பன் டை ஆக்சைடை ஏற்றி உப்ப வைத்து, கேமராவில் பார்த்துக்கொண்டே இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் ஸ்டேப்லர் வைத்து வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடுவதால், சாப்பிடும் அளவு மட்டுமல்ல, பசியே குறைகிறது. வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது, இதை மட்டும் நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள்.

அக்கா வயிறு வலி என்று பெரிதாகச் சொல்லவில்லை, தோள்பட்டை வலி என்றுதான் புலம்பினாள். ஏற்றிய வாயு உதரவிதானத்தை (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் தசை) உறுத்தினால் வலி தோளில் தெரியுமாம், நடந்தால் குறையும் என்று நர்ஸ் வராந்தாவில் நடக்க விட்டார். வீட்டுக்கு வந்த பிறகு வடிகட்டிய ரசம், மோர் எல்லாம் இருமல் மருந்து மூடியில் ஊற்றி ஊற்றித்தான் உள்ளே போனது. மடக்கென்று குடித்தால் நெஞ்சை அடைக்கும்.

உங்களுக்கு ஏற்கெனவே நெஞ்செரிச்சல் அதிகமென்றால் ஸ்லீவுக்குச் சட்டென்று தலையாட்டாதீர்கள், அது கூடலாம். இரைப்பை பைபாஸ் பற்றிக் கேளுங்கள் (இதயத்துக்குச் செய்வது இல்லை). அதில் இரைப்பையின் மேலே சுமார் 30 மில்லி பிடிக்கும் ஒரு பையை மட்டும் பிரித்து, சிறுகுடலை நேராக அதோடு இணைக்கிறார்கள். சர்க்கரை நோய்க்கும் அது நன்றாகக் கேட்கிறது, ஆனால் இனிப்பு சாப்பிட்டால் சிலருக்குப் படபடப்பும் பேதியும் வரும். எதைச் செய்தாலும் பி12, இரும்பு, கால்சியம் மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் ஆயுசுக்கும் உண்டு. இதை விளம்பரத்தில் பெரிதாகப் போடமாட்டார்கள்.

அப்புறம் காசு. 2022இல் வந்த சர்வதேசப் பரிந்துரை, ஆசியர்களுக்கு பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைச் சொல்லும் எண்) 27.5 இருந்தாலே இந்த ஆபரேஷன் செய்யலாம் என்கிறது. இந்திய இன்சூரன்ஸ் விதியோ 40 கேட்கிறது, அல்லது 35க்கு மேல் இருந்து கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு விட்டு விட்டு நிற்பது), இதய நோய் போல ஏதாவது இருக்க வேண்டும், வேறு வழிகளை முயன்று பலிக்காமலும் போயிருக்க வேண்டும். அதனால் டாக்டர் சரி என்று சொன்னாலும், அப்ரூவல் எழுத்தில் கைக்கு வந்த பிறகே தேதி குறியுங்கள்.